உதட்டுப் பேச்சு

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஊதல். நல்லூர் ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறுவதற்குள் வாயெல்லாம் மண். வடக்கத்திப் பையன் ஒருவன், பஸ் மண்ணரைக்குப் போகுமா என்று கண்டக்டரிடம் இந்தியில் கேட்டான்: "பையா, மண்ணரை ஜாயேகா?" கண்டக்டர்: "ஜாயேகா, ஜாயேகா. நீ மொதல்ல உள்ள போயேகா." பஸ்ஸே சிரித்தது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் சென்டரில் கூட்டம் இல்லை. பாதிப் பிள்ளைகள் யூனிஃபார்ம் வாங்கப் போயிருக்கும்.

செய்ய வேண்டியவை:
— கேஸ் புக் பண்ண
— அம்மா முழங்காலுக்குத் தைலம்
— அனுபவச் சான்றிதழ் (டாக்டர் நல்ல மனநிலையில் இருக்கிற நாளாகப் பார்த்து)
— நஸ்ரின் ரிவ்யூவுக்குச் சுருக்கம்

கடைசி இரண்டுக்கும் பயம். சான்றிதழ் எதற்கு என்று டாக்டர் கேட்பார். சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துத் தொண்டை போய்விட்டது, இனிமேல் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன் என்றால் அவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஜூன் 4, புதன்

நஸ்ரின் வந்தாள். புதுச் செருப்பு. அதைக் காட்டுவதற்காகக் காலைத் தூக்கியபடியே நொண்டி நொண்டி உள்ளே வந்தாள்.

சுருக்கத்துக்காகக் குறித்தது, இங்கேயும் இருக்கட்டும். நாலு வயது. மங்கலம். அப்பா காதர், அம்மா மும்தாஜ், இருவருக்கும் விசைத்தறியில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது. அரசு திட்டத்தில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தாயிற்று. வெளியே, காதுக்குப் பின்னால் மெஷின். தலையில் காந்தத்தில் ஒட்டும் வட்டம். ஒரு வருஷத்துக்கு மேலாக வாரம் ஒருமுறை என்னிடம் வருகிறாள்.

கேட்பது: நன்று. எம்ப்ராய்டரி வளையத்தில் பனியன் துணியை மாட்டி என் வாயை மறைத்துக்கொண்டு "ஆ", "ஈ", "ஷ்" என்று சொன்னால், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலி நூல் கோனை எடுத்து வாளியில் போடுகிறாள். தவறுவதே இல்லை.

புரிவது: என் முகத்தைப் பார்த்தால் எல்லாமே. முகத்தை மறைத்தால் கொஞ்சம்தான்.

பேசுவது: இங்கேதான் மண்டை காய்கிறது. வாய் அசைகிறது. "பூ" என்றால் உதடு குவிகிறது, "அம்மா" என்றால் மூடித் திறக்கிறது. குரல் மட்டும் இல்லை. சிரித்தால் குரல் உண்டு. அழுதால் தெருவுக்கே கேட்கும். பேச வாயெடுத்தால் மட்டும் ஒன்றும் வராது.

மும்தாஜ்: "ஊட்ல நல்லா பேசறாளுங்க மேடம். காலைல எந்திரிச்சா படுக்கற வரைக்கும் வாய் மூடறதில்லீங்க. இங்க வந்தாத்தான் வெக்கம்."

எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். சுருக்கத்தில் எழுதினேன்: தாய் மிகைப்படுத்திச் சொல்கிறார்.

மதியம் டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, "அறிவுல ஏதோ குறை இருக்கும்மா. இல்லைன்னா இத்தனை மாசத்துல ஒரு குரலாவது வரணுமே. இந்த ரிவ்யூவோட விடுதிப் பள்ளிக்கு எழுதிடலாம். சைகையாவது கத்துக்கட்டும். வெயிட்டிங்ல எத்தனை பிள்ளைங்க நிக்குது பாருங்க" என்றார். ரிவ்யூ இருபத்துநாலாம் தேதி.

சைகை மொழிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிதான் நெஞ்சில் இடிக்கிறது. வேறு மாவட்டம். நாலு வயது.

மும்தாஜ் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். அவளுக்கு டாக்டர் பேசியது எப்படித் தெரிந்ததோ. கண்ணாடிக் கதவு, சாத்தித்தான் இருந்தது. கிளம்பும்போது கேட்டாள்: "விடுதின்னா ராத்திரிக்கும் அங்கயேங்களா மேடம்? மெசினக் கழட்டி வெச்சுட்டா அவளுக்கு ஒண்ணுமே கேக்காதுங்களே. என் கையப் புடிச்சுட்டுத்தானுங்க தூங்குவா."

இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தைலம் மறந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று காலை காதர் பைக்கில் வந்து ஒரு டப்பா கறி கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் நின்று அவர் பேசியது பக்கத்துக் காம்பவுண்டு வரை கேட்டது. கோபமாக ஏதோ கேட்கிறார் என்று எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

அம்மா: "நல்ல மனுசந்தான். ஏம்ட்டி இப்பிடிச் சத்தம் போடுதாரு?"

தறிக்காரர்கள் அப்படித்தான் என்றேன். கறி பிரமாதம். அம்மா ரெண்டு தடவை போட்டுக்கொண்டாள். சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் ஏப்பம்.

எனக்குத்தான் இறங்கவில்லை. விடுதிக்கு அனுப்பச் சொல்லி எழுதப் போகிறவளுக்குப் பெருநாள் கறி.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டரிடம் சான்றிதழ் கேட்டேன். எதிர்பார்த்தபடி முகம் சுருங்கியது. பிறகு, "நல்ல வேலைம்மா, போங்க. இங்க யாரு வந்தாலும் ரெண்டு வருஷம்தான்" என்றார். நான் ஆறு வருஷம் இருந்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

நஸ்ரின் வீட்டில் பேசுவதை ஃபோனில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். மதியம் வந்தது. வீடியோ முழுக்கத் தறிச் சத்தம். கடகடவென்று, வேறு எதுவும் கேட்கவில்லை. நடுவில் நஸ்ரின் பாயில் உட்கார்ந்து பொம்மையைத் திட்டுகிறாள். விரலை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, வாய் விடாமல் பேசுகிறது. குரல் இருக்கிறதா, தறிச் சத்தத்தில் அமுங்கிவிட்டதா, தெரியவில்லை.

பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அறிவில் குறை உள்ள பிள்ளை பொம்மையை இப்படித் திட்டாது. ஒருவேளை மும்தாஜ் சொல்வது உண்மையாக இருந்தால்? நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு. வெள்ளிக்கிழமை மங்கலம். மனசு கொஞ்சம் லேசு.

ஜூன் 13, வெள்ளி

மங்கலம் போய் வந்தேன். எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். வீட்டுக்கும் தறிக் குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு கதவு, அதுவும் திறந்தே கிடக்கிறது. தரை அதிர்கிறது. எனக்குக் கொடுத்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மும்தாஜ் என்னிடம் பேச என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். மற்றவர்களிடம் கத்தவில்லை. காதரின் தங்கை அந்தக் கோடியில் தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அங்கிருந்து வாயை மட்டும் அசைக்க, மும்தாஜ் இங்கிருந்து வாயை அசைத்துப் பதில். கூடவே ஒரு விரல், ஒரு புருவம். இந்தச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தறியில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. இன்றுதான் பார்த்தேன்.

நஸ்ரின் நடுவில் உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இடையில் தானும் எதையோ சொன்னாள். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். மும்தாஜ் கத்தினாள்: "உங்க கம்மல் அவ பொம்மைக்கு வேணுமாமுங்க மேடம்!"

என் சென்டரில் ஒரு சொல் பேசாத பிள்ளை. இங்கே கேலி பேசுகிறாள்.

பிறகு ஜும்மாவுக்கு நேரமாயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தக் குடோனில் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் பகலில் நிற்குமாம். ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். என் காதுக்குள் இரைச்சல் கொஞ்ச நேரம் இருந்து அதுவும் அடங்கியது. அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்டது.

மும்தாஜும் நாத்தனாரும் பேச்சை நிறுத்தவில்லை. அதே பேச்சு, அதே சிரிப்பு. குரல் இல்லாமல்.

மும்தாஜ் நஸ்ரினை மடியில் போட்டுச் சோறு ஊட்டினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே பேசிக்கொண்டே ஊட்டினாள். சோறு, பருப்பு, சூடு, ஊது, ஆ காட்டு. உதட்டில் ஒவ்வொரு சொல்லும் படிக்கிற மாதிரித் தெளிவு. சத்தம் துளிகூட இல்லை.

"மும்தாஜ், அவகிட்ட பேசுங்க" என்றேன்.

என் பக்கம் திரும்பி, உரக்க: "பேசிட்டுத்தானுங்க மேடம் இருக்கறேன்!"

நாள் பூராவும் பிள்ளையிடம் பேசுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி அனுப்பினேன். அவள் நாள் பூராவும் பேசியிருக்கிறாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தறிப் பெண்கள் பேசுகிற மாதிரியே பேசியிருக்கிறாள், பிள்ளையும் அப்படியே பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏனுங்க கண்ணு, தலவலியா?" என்று கேட்டு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 14, சனி

தூக்கம் சரியில்லை. காற்றில் மாடித் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

நஸ்ரினுக்கு அறிவில் குறை இல்லை. அது நிச்சயம். ஆனால் வேறொன்று குடைகிறது. வீட்டில் நன்றாகப் பேசுகிறாள் என்று மும்தாஜ் ஒரு வருஷமாகச் சொல்கிறாளே, அது பொய்யும் இல்லை, மிகையும் இல்லை. குரல் இல்லாமல் பிள்ளை பேசுகிறது என்று பெற்றவளுக்கு ஏன் தெரியவில்லை? தறி நின்ற பிறகும் ஏன் தெரியவில்லை? கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று டாக்டர் பேசியதை எப்படிப் படித்தாள்?

கேள்வியை எழுதும்போதே பதில் தெரிகிறது. எழுதப் பிடிக்கவில்லை. திங்களன்று வரச் சொல்லி மெசேஜ் போட்டேன். "உங்களுக்கும் ஒரு டெஸ்ட், சும்மாதான்."

அம்மாவிடம் சொன்னேன். பனியன் கம்பெனி செக்கிங்கில் நின்று நின்று வீங்கிய காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். "பாவம், அவளும்தான் என்ன செய்வா. நீ பேசச் சொன்ன, அவ பேசுனா. ஒன்னயச் சொல்லவா, அவளச் சொல்லவா?"

ஜூன் 16, திங்கள்

மும்தாஜுக்குக் காது டெஸ்ட்.

சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தேன். எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். நான் இந்தப் பக்கம் கண்ணாடிக்கு வெளியே. சத்தம் கொடுக்க ஆரம்பித்தேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பட்டன் விளக்கு எரியவில்லை.

அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வாயசைத்துக் கேட்டாள்: ஆரம்பிக்கலீங்களா?

நான் ஆரம்பித்து வெகு நேரமாகியிருந்தது.

இரண்டு காதும். பறவைச் சத்தம், "ஸ்", "ஷ்" மாதிரிக் கீச்சுச் சத்தங்கள் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. மற்றதும் பாதிதான். பதினாறு வயதிலிருந்து தறியில் இருக்கிறாளாம். யாரும் ஒருநாளும் சோதித்ததில்லை. அவளும் குறை என்று நினைத்ததில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தானே.

"எப்படிங்க மேடம், பரவால்லீங்களா?"

"கொஞ்சம் குறைவா இருக்கு."

"வயசாகுதில்லீங்க" என்று சிரித்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

ஜூன் 20, வெள்ளி

திரும்பவும் மங்கலம், ஜும்மா நேரம். டாக்டரிடம் எல்லாம் சொல்லி, ரிவ்யூவுக்குள் ஒரு முயற்சி செய்து பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிய நேரம்.

தறி நின்றதும் மும்தாஜிடம் சொன்னேன்: குரல் போட்டுப் பேசுங்கள். அவளுக்கு வெட்கம். சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கத்தினாள். கத்தல்தான் வருகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் சாதாரணமாக ஒரு குரல் இருக்குமே, அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிவதற்குத் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும்.

நஸ்ரின் மிரண்டு போனாள். அம்மா திட்டுகிறாள் என்று நினைத்துவிட்டாள். உதடு பிதுங்கி, ஓடிப்போய் அத்தை பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மும்தாஜ் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். பிறகு வாயசைத்து ஏதோ சொல்ல, பிள்ளை உடனே சிரித்துக்கொண்டு ஓடிவந்து மடியில் ஏறியது.

காதர் தொழுகை முடிந்து வந்து கேட்டார்: "வந்துருச்சுங்களா மேடம்?"

"ஒரு நாள்ல வராதுங்க."

"தெரியுமுங்க. சும்மா கேட்டேன்." தறி போடப் போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய். ரிவ்யூ.

தூறல். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் புகை.

மும்தாஜ், காதர், நஸ்ரின். கூட மும்தாஜின் தங்கை ஷகிலா, தாராபுரத்திலிருந்து. வந்ததும் ரிசப்ஷனில் ஒருவரையும் விடவில்லை. மழையிலிருந்து தன் வீட்டுக்காரர் மளிகைக்கடை வரை அத்தனையும் பேசிவிட்டாள். காதர்: "இவ வாய்க்குப் பூட்டே கெடையாதுங்க மேடம்."

டாக்டர் நல்லவராகவே நடந்துகொண்டார். அறிவில் குறை என்பதை அடித்துவிட்டார். விடுதிக்கு எழுதவில்லை. "நல்ல கண்டுபிடிப்பும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மும்தாஜ் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அத்தோடு முடியவில்லை. டாக்டர் தொடர்ந்தார்: "ஆனா காரணம் தெரிஞ்சா மட்டும் பேச்சு வந்துடாது. குழந்தை குரல் கேக்குற வீட்ல வளரணும். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்."

மும்தாஜ் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தறிக்குப் போறத நிறுத்திக்கறேனுங்க. நான் ஊட்லயே இருந்து பேசறேன். அது பத்தாதுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்தது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று. எதிரில் உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சின்ன வாக்கியம். எல்லாம் செய்தேன். உங்களுக்கே பாதிதான் கேட்கிறது மும்தாஜ். பிள்ளைக்குக் குரல் வந்தாலும் சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பேசுகிற குரலும் அவளுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

ஷகிலா நஸ்ரினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் மும்தாஜ்தான் கேட்டாள், தங்கையைக் காட்டி: "இவ பேசுனாச் சரியாகுங்களா?"

தாராபுரத்தில் தறி இல்லை, தெருவில் பிள்ளைகள் உண்டு, வாரம் ஒருமுறை அங்கிருந்து இங்கே பஸ் உண்டு. சரியாகும் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"அப்பச் சரிங்க" என்றாள்.

நஸ்ரின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வாயையும் அவள் விடமாட்டாளே. எவ்வளவு புரிந்ததோ.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று நஸ்ரினைத் தாராபுரம் கொண்டுபோய் விட்டார்களாம். காதர் ஃபோன் செய்தார். பிள்ளை அழவில்லை. ஷகிலா வீட்டில் பூனை இருக்கிறதாம், அதன் பின்னாலேயே ஓடிவிட்டாளாம்.

"மும்தாஜ் எப்படி இருக்காங்க?"

"தறில நிக்கறாளுங்க."

ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்கவில்லை.

அம்மா முழங்காலுக்குத் தைலம் ஒருவழியாக வாங்கினேன். வாசம் வீடு முழுக்க.

ஜூலை 11, வெள்ளி

இன்டர்வியூ, வீடியோவில். பச்சைச் சேலை. எனக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டரை அம்மா கழற்றிவிட்டு, மிக்ஸியையும் போடாமல் அடுப்படியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று பேர். பாடக் கேள்விகள் சுமார். கடைசியாக நடுவில் இருந்த அம்மையார், "உங்களை யோசிக்க வெச்ச ஒரு கேஸ் சொல்லுங்க" என்றார். பெயர், ஊர் இல்லாமல் சொன்னேன். தறி, ஜும்மா நேரம், குரல் இல்லாத தாய், குரல் இல்லாத பிள்ளை. அவர்கள் குனிந்து எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "ஃபாசினேட்டிங்" என்றார் ஒருவர். "இதைப் பேப்பரா எழுதணும் நீங்க." நான் நன்றாகச் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பிடிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

முடிந்ததும் அம்மா வந்து காலண்டரை மாட்டினாள். "கெடச்சிரும்ட்டி" என்றாள்.

ஜூலை 16, புதன்

கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் சேர வேண்டும்.

அம்மா வர மாட்டாளாம். "நான் அங்கன வந்து என்ன செய்ய? இங்க கம்பெனி இருக்கு, சர்ச்சு இருக்கு. நீ போட்டீ." சொல்லிவிட்டு அரிசி களைந்தாள், களைந்ததையே திரும்பக் களைந்தாள்.

சென்டரில் எல்லோருக்கும் லட்டு. நஸ்ரினும் ஷகிலாவும் வந்திருந்தார்கள். பிள்ளை கொஞ்சம் கருத்திருக்கிறாள், தெருவில் ஆட்டம். முகத்தை மறைத்துச் சொன்னாலும் புரிகிற சொற்கள் கூடியிருக்கின்றன. பூனைப் படத்தைக் காட்டினால் தொண்டையில் ஏதோ உருளுகிறது. சொல் இல்லை. ஆனால் குரல்!

சந்தோஷப்பட வேண்டிய நாள். வேலை எனக்கு எதனால் கிடைத்தது என்று தெரியும், அதனால் லட்டைப் பிட்டுப் பிட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, புதன்

மும்தாஜ் தனியாக வந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தாளோ என்று நினைத்து, ஷகிலா இந்த வாரம் வெள்ளிக்கிழமைதானே வருகிறாள் என்றேன்.

"தெரியுமுங்க. எனக்குத்தான் மேடம். எனக்கும் சொல்லிக் குடுங்க, குரல் எப்படி வெளிய உடறதுன்னு."

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையை என் தொண்டையில் வைத்து "அ" என்றேன். பிறகு அவள் தொண்டையில். கத்தினாள், குறைத்தாள், காணாமல் போயிற்று, திரும்பக் கத்தினாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

டிரையல் மெஷின் ஒன்றைக் காதில் மாட்டிவிட்டேன். முதலில் ஃபேனைப் பார்த்தாள். பிறகு வளையலை ஆட்டிப் பார்த்தாள், திரும்பத் திரும்ப. "இத்தன சத்தம் போடுதுங்களா இது?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அது டிரையல் மெஷின், கொடுத்தனுப்ப முடியாது. இலவசமாகக் கொடுக்கும் முகாம் எப்போது என்று தெரியாது. தறியில் போடவும் முடியாது, அந்த இரைச்சல் இன்னும் பெரிதாகும்.

அவளே கழற்றித் துடைத்து மேசையில் வைத்தாள். "கேம்ப் வந்தாச் சொல்லுங்க மேடம்." நான் போகிறேன் என்பதை அப்போது சொல்ல வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீங்களுமுங்களா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

கடைசி நாள். காலையில் மழை விட்டு வெயில். மேசையைக் காலி செய்தாயிற்று. வளையம், துணி, கோன் வாளி எல்லாம் புதுப் பெண்ணுக்கு. அவள் பெயர் கேட்டு, இரண்டு தடவை மறந்துவிட்டேன். டாக்டர் ஒரு பேனா கொடுத்தார்.

நஸ்ரினைப் பார்க்காமல் போகக் கூடாதென்று ஷகிலாவை இன்று வரச் சொல்லியிருந்தேன். மும்தாஜ் மங்கலத்திலிருந்து முன்னாலேயே வந்துவிட்டாள். வராந்தாவில், கேட்டுக்கு முதுகைக் காட்டி, கேன் குழாயிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. ஷகிலா கையை உதறிவிட்டு நஸ்ரின் ஓடிவந்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்...மா."

குரல். கரகரவென்று, நடுவில் உடைந்து, ஆனால் சொல். ரிசப்ஷன் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த சத்தம்.

மும்தாஜ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" இந்தத் தடவை இன்னும் பலமாக. தெருவில் போன ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மும்தாஜ் குழாயை மூடினாள். மூடியைத் திருகினாள்.

தோளைத் தொடலாம் என்று நான் போவதற்குள் நஸ்ரின் முந்திக்கொண்டாள். சுற்றிக்கொண்டு முன்னால் ஓடி, புர்காவின் கையைப் பிடித்து இழுத்து, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, அதே சொல்லைத் திரும்பச் சொன்னாள். உதட்டால் மட்டும்.

மும்தாஜ் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு அள்ளிக்கொண்டாள்.

ஷகிலா அழுதுகொண்டே ஓடிவந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று, "அக்கா, அவ ஒன்னக் கூப்புட்டாக்கா! கூப்புட்டா!" என்றாள்.

"ஆமா" என்றாள் மும்தாஜ், பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்தனே."